சிங்கப்பூரின் பழம்பெரும் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி: இணைப்பாட நடவடிக்கையும் தமிழ் வகுப்பும் ஒத்துப்போகுமா?

உட்லண்ட்ஸ் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. உயர்நிலைப் பள்ளிக்கான ஆறு தெரிவுகளையும் சில நாள்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவனுடைய மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடிய பள்ளிகளில், நூறாண்டுக்கு மேல் பழமையான ஆண்கள் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அதன் ஓப்பன் ஹவுஸுக்குப் போய்வந்த நாள் முதல் அவனுக்கு வேறு பள்ளியின் பெயரே காதில் ஏறவில்லை. வாசலில் வரவேற்றது முதல் அறிவியல் கூடத்தைச் சுற்றிக் காட்டியது வரை எல்லாவற்றையும் மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களே செய்தார்கள். ஆசிரியர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கும் பிடித்திருந்தது.

என் தயக்கத்துக்குக் காரணம், அந்தப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படவில்லை என்பதுதான். பள்ளி நேரம் முடிந்த பிறகு அவன் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ, தமிழ் கற்பிக்கும் வேறொரு பள்ளிக்கோ போக வேண்டும். அவனுக்கோ இணைப்பாட நடவடிக்கையாக, அதாவது பாடவேளைக்கு வெளியே நடக்கும் குழுப் பயிற்சியாக, தேசிய மாணவர் படையில் சேர ஆசை. நான் படித்தது ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் அக்கம்பக்கப் பள்ளி என்பதால், இல்லம், மாணவர் தலைவர், சீருடைக் குழு என்று இவர்கள் பேசும் அமைப்பு எப்படி நடக்கிறது, தமிழுக்காக வெளியே போகும் பிள்ளைக்கு அதில் இடம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் பள்ளி என்றால் பிரம்படி அதிகம் என்று என் அக்கா வேறு பயமுறுத்துகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜாலான் புசார் பழைய மாணவர் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் விக்டோரியா பள்ளியில் படித்தவன். 1876இல் கம்போங் கிளாமில் ஓர் ஆங்கில வகுப்பாகத் தொடங்கி, 1933இல் டிர்விட் ரோட்டுக் கட்டடத்துக்கு வந்து, இப்போது சிக்லாப்பில் இருக்கும் பள்ளி அது. நம் நாட்டு அதிபர்களில் தேவன் நாயரும் எஸ்.ஆர். நாதனும் அங்கே படித்தவர்கள். ராஃபிள்ஸ் கல்வி நிலையம் 1823, செயின்ட் ஜோசப் 1852, செயின்ட் ஆண்ட்ரூஸ் 1862, ஆங்கிலோ சீனப் பள்ளி 1886 என்று இந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபு உண்டு என்றாலும், உள்ளே நடக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவனும் ஓர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறான். ராஃபிள்ஸில் பேலி, பக்லி, ஹல்லட், மோர், மோரிசன் என்று ஐந்து இல்லங்கள். மற்றப் பள்ளிகளிலும் இல்லங்களுக்குப் பெரும்பாலும் பள்ளியின் தொடக்க காலத்தோடு தொடர்புடையவர்களின் பெயர்கள்தாம். வகுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், இல்லம் மாறாது. பதின்மூன்று வயதுப் பையனும் பதினாறு வயதுப் பையனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே அணிக்காக ஓடுவது அங்கேதான். அதற்கு மேல் இணைப்பாட நடவடிக்கை. ஒரு சீருடைக் குழுவின் பயிற்சியை ஆசிரியர் மேற்பார்வையிடுவார்; ஆனால் அணிவகுப்பைக் கற்றுக்கொடுப்பதும், வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்பதும், முகாமுக்குச் சாமான் பட்டியல் போடுவதும் மூத்த மாணவர்களின் வேலை.

நான் முதலாண்டில் மாணவர் படையில் சேர்ந்தபோது, மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் எங்கள் நால்வரைச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் உட்காரவைத்து பூட்ஸ் பாலிஷ் போடக் கற்றுக்கொடுத்தார். மெல்லிய துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, கிவி டப்பாவில் லேசாக ஒற்றி, மூடியில் ஊற்றிய தண்ணீரில் ஒரு துளி தொட்டு, முனைப் பகுதியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மங்கும், தொடர்ந்து தேய்த்தால்தான் பளபளப்பு எழும். அவர் தம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எங்களுடைய பூட்ஸில் செய்து காட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் நாங்களும் அதே இடத்தில் உட்கார்ந்து இளையவர்களுக்குச் செய்து காட்டினோம். அந்தப் பள்ளிகளின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டடம் இடம் மாறியிருக்கிறது, முதல்வர்கள் மாறியிருக்கிறார்கள், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் மாறவில்லை.

பிரம்படி பற்றி உங்கள் அக்கா அஞ்ச வேண்டாம். ஆண் மாணவர்களுக்கு மட்டுமே, அதுவும் கடுமையான குற்றத்துக்கு, முதல்வரோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரோ மட்டுமே கொடுக்கலாம் என்ற விதி எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. ஆண்கள் பள்ளிக்கென்று தனி விதி கிடையாது.

இரு மகன்களின் தாய் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் என் மூத்த மகனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம். பழமையான ஆண்கள் பள்ளி, தமிழ் இல்லாத பள்ளி என்பது போதும்.

அவனுடைய சீருடைக் குழுவுக்கு வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி. அதில் ஒரு நாள் தமிழ் வகுப்பு நாளோடு மோதியது. முதலாண்டில் பொறுப்பாசிரியர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். வகுப்புக்குப் போய்விட்டு அடுத்த பயிற்சிக்கு வந்தால் போதும் என்றார். இரண்டாம் ஆண்டில் சிக்கல் தொடங்கியது. பிழை யாருடையதும் இல்லை என்பதுபோல் எல்லாரும் பேசினார்கள், ஆனால் இழப்பு முழுவதும் பிள்ளையுடையது. வாரத்தில் பாதிப் பயிற்சிக்கு வராதவனை மூத்த மாணவர்கள் தங்களில் ஒருவனாக நினைக்கவில்லை. புதிய அணிநடை கற்றுக்கொடுத்த அன்று அவன் இல்லை. அடுத்த நாள் வரிசையில் அவன் கால் மட்டும் பிசகியது. தண்டனையாக எல்லாரும் சேர்ந்து தண்டால் எடுத்தார்கள், அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் தலைமைப் பொறுப்புகளுக்குப் பெயர் எடுத்தபோது அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை. காரணம் கேட்டதற்கு, வருகைப்பதிவு குறைவு என்ற பதில் வந்தது. தமிழ் வகுப்புக்குப் போனது எப்படி ஐயா வராமை ஆகும்?

இணைப்பாட நடவடிக்கைக்கான லீப்ஸ் 2.0 மதிப்பீட்டில் பங்கேற்புக்கு வருகை குறைந்தது 75 விழுக்காடு இருக்க வேண்டும். தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என்ற நான்கையும் சேர்த்துத்தான், உயர்நிலைப் பள்ளிக்குப் பின் படிக்கும் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் ஒன்றோ இரண்டோ புள்ளிச் சலுகை கிடைக்கும். ஆகவே இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. பூட்ஸ் பாலிஷ் போடச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், நம் பிள்ளை பேருந்தில் இருப்பான். பள்ளியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்றால், அந்த உயிருக்கு வெளியே அவனை நிறுத்தியது யார் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. பல பள்ளிகளில் பணியாற்றியவள் என்ற முறையில், கால அட்டவணை எப்படி அமைகிறது என்பதை விளக்கினால் உட்லண்ட்ஸ் நண்பருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி 1966இல் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ் கற்பிக்கும் பள்ளியில், ஒரே நிலையில் உள்ள எல்லா வகுப்புகளுக்கும் தாய்மொழிப் பாடவேளை ஒரே நேரத்தில் போடப்படும். மணி அடித்ததும் சீனம் படிப்பவர்கள் ஓர் அறைக்கும், மலாய் படிப்பவர்கள் இன்னோர் அறைக்கும், தமிழ் படிப்பவர்கள் வேறோர் அறைக்கும் போவார்கள். இதனால் அந்த நிலையின் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு மூன்று பிள்ளைகளாக வந்து சேர்ந்து தமிழ் வகுப்பு உருவாகிறது. வேறு எந்தப் பாடத்திலும் சந்திக்காத பையன்கள், வெவ்வேறு இல்லங்களைச் சேர்ந்தவர்கள், அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து நான்கு ஆண்டுகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். 2024 முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் நீங்கி, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் படிக்கும் முறை வந்திருக்கிறது. வகுப்புகளே கலந்து அமைக்கப்படுகின்றன. தமிழ் வகுப்பு அதற்கு வெகு காலம் முன்பே வகுப்பு எல்லைகளைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தது.

தமிழ் இல்லாத பள்ளியின் நிலை வேறு. அங்கே மற்றவர்கள் தாய்மொழி படிக்கும் வேளையில் தமிழ்ப் பிள்ளை நூலகத்தில் இருப்பான். அவனுடைய தாய்மொழி வகுப்பு பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ வேறிடத்தில் நடக்கும். பள்ளிக்குள் தமிழ் இருந்தும், உயர்தமிழ் என்ற மேல்நிலைத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் நிலையத்துக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு.

அந்த நிலையத்தைப் பற்றி ஒரு சொல். பீட்டி ரோட்டில் இருக்கும் அந்த இடத்தை ஏதோ டியூஷன் சென்டர் என்று பெற்றோர் சிலர் எண்ணிக்கொள்வது எனக்கு வருத்தம் தரும். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் தமிழை முதல்மொழியாகக் கொண்ட உயர்நிலைக் கல்வியையும் இந்நாட்டில் வழங்கியது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. மொழி நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. உங்கள் மகன் அங்கே போனால் வெவ்வேறு பள்ளிச் சீருடைகளில் வரும் தமிழ்ப் பிள்ளைகளோடு படிப்பான். பெரிய ஆண்கள் பள்ளியில் தமிழ் பேச ஆளில்லாமல் இருக்கும் பையனுக்கு அது பெரிய பேறு. நான் கற்பித்தவர்களில் சிலர் இன்றும் அந்த வகுப்பு நண்பர்களோடுதான் தீபாவளிக்கு ஒன்றுகூடுகிறார்கள்.

ஆனால் சகோதரி கேட்ட கேள்விக்குப் பள்ளி பதில் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் வகுப்பு கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் உள்ள வகுப்பு. அந்த நேரத்தில் வைக்கப்படும் பயிற்சிக்கு வராத மாணவனை வராதவன் என்று பதிவது நியாயமாகாது. பொறுப்பாசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே நிலையத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பயிற்சி நாளைத் தீர்மானித்தால் மோதலே வராது. அப்படிச் செய்யும் ஆசிரியர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளை ஒருவனே இருந்தாலும் செய்வார்கள்.

ஜாலான் புசார் பழைய மாணவர் எழுதியது:

சகோதரி சொன்னதை மறுக்க எனக்கு வாய் இல்லை. எங்கள் பள்ளியில் தமிழ் இருந்ததால் இந்தச் சங்கடத்தை நான் அறியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பயிற்சி நாளை மாற்ற முடியாத குழுக்களும் உண்டு அல்லவா? வெளிப் பயிற்றுநர் வரும் நாள், திடல் கிடைக்கும் நாள் என்று பல கட்டுகள் இருக்கும். ஒரு பிள்ளைக்காக அறுபது பேரின் நாளை மாற்றச் சொல்வது எளிதா?

இரு மகன்களின் தாய் எழுதியது:

நாளை மாற்ற முடியாவிட்டால் வேண்டாம் ஐயா. விட்டுப்போனதைக் கற்றுக்கொடுக்க ஒரு மூத்த மாணவனை அவனுக்கென்று நியமிக்கலாமே. அதற்குத் திடலும் வேண்டாம், பயிற்றுநரும் வேண்டாம். நீங்கள் புகழ்ந்து எழுதிய வழக்கமே அதுதானே! என் இளைய மகனின் பள்ளியில், இதுவும் ஆண்கள் பள்ளிதான், நான் இதை எழுதிக் கேட்டேன், செய்தார்கள். இடைவேளையில் அரை மணி நேரம் ஓர் அண்ணன் வந்து சொல்லிக்கொடுக்கிறான். அந்த அண்ணன் சீனப் பையன். தமிழ் வகுப்பில் அன்று என்ன படித்தாய் என்று தவறாமல் கேட்பானாம்.

சாரணர் 2017 எழுதியது:

நான் தேசிய சேவையை முடித்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பெரியவர்கள் சொல்லாத ஒரு பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்கள் பள்ளியில் மூத்தவர்களுக்குக் கொடுக்கப்படும் அதிகாரம் உண்மையானது. முகாமில் இரவு யார் காவல் நிற்பது, யார் சமைப்பது, மழை வந்தால் கூடாரத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைப் பதினைந்து வயதுப் பையன் தீர்மானிக்கிறான். அதே அதிகாரத்தைக் கத்துவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் பயன்படுத்துகிறவனும் இருப்பான். மரபு என்ற பெயரில் அதைப் பார்த்தும் பாராமல் விடும் ஆசிரியரும் இருப்பார். எங்கள் குழுவில் ஒரு காலத்தில் அது இருந்தது. பொறுப்பேற்ற ஆசிரியை ஒருவர், இளையவரைத் திட்டியவன் அன்றைய பயிற்சியின் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று ஒரே விதி வைத்தார். ஓர் ஆண்டுக்குள் சூழலே மாறிவிட்டது. ஆகவே பள்ளியின் வயதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் குழுவை இப்போது நடத்தும் ஆசிரியர் யார் என்று பாருங்கள்.

தமிழைப் பற்றி: எங்கள் பள்ளியில் தமிழ் இருந்தது, ஆனால் ஆள் குறைவு. தமிழ் விவாத அணிக்கு நான்கு பேர் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலாண்டுப் பையனையும் நான்காமாண்டு அண்ணனையும் ஒரே அணியில் நிறுத்துவோம். நான் என் முதல் விவாதத்தில், நடுங்கிய குரலில், நான்காமாண்டு அண்ணனின் கருத்தை மறுத்துத் திருத்தினேன், ஒத்திகையில்தான். அவர் குறிப்பட்டையில் தம் வரியை அடித்துவிட்டு என் வரியை எழுதிக்கொண்டார். சாரணர் திடலில் அவரிடம் நான் அப்படிப் பேசியிருக்க முடியாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் பள்ளிக்கு வெளியே போட்டிகளும் நிறைய நடக்கும். சின்னத் தமிழ் வகுப்பு இருக்கும் பள்ளியில் ஒவ்வொரு பையனுக்கும் மேடை கிடைத்தே தீரும், ஏனென்றால் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் கொடியேற்றி நாம் சொல்லும் உறுதிமொழியை 1966இல் எழுதிய முன்னாள் அமைச்சர் எஸ். ராஜரத்தினம் ராஃபிள்ஸில் படித்தவர். நாதன், தேவன் நாயர், ராஜரத்தினம் என்று பெயர் சொல்லிப் பெருமைப்படுவது சரிதான். அந்தப் பெருமையைச் சொல்லும் பள்ளிகள், இன்று அதே வாசல் வழியே வரும் இந்தியப் பிள்ளைகளின் தாய்மொழி வகுப்பைத் தங்கள் அட்டவணைக்குள் கொண்டுவரவும் கடமைப்பட்டவை. அந்தச் சகோதரியின் மகனுக்கு நடந்தது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உட்லண்ட்ஸ் தந்தை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். மாணவர் படைப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் என்றும், அடுத்த ஆண்டு எந்தக் கிழமைகள் என்பது ஜனவரியில்தான் முடிவாகும் என்றும் சொன்னார்கள். தமிழ் நிலையத்தின் நேரத்தைப் பற்றிக் கேட்டதும், இதுவரை யாரும் முன்கூட்டிக் கேட்டதில்லை, பொறுப்பாசிரியரிடம் சொல்லிவைக்கிறோம் என்றார்கள். மகனிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவன் இன்னும் அந்தப் பள்ளிதான் வேண்டும் என்கிறான். ஆனால் தமிழ் கற்பிக்கும் இன்னோர் ஆண்கள் பள்ளியையும் இப்போது பார்க்கச் சம்மதிக்கிறான். விவாத அணி என்றதும் அவன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. உயர்தமிழ் எடுக்கவும் அவனுக்குத் தகுதி இருக்கிறது. எடுப்பதா என்பதிலும், எந்தப் பள்ளியை முதலில் போடுவது என்பதிலும் உங்கள் கருத்து வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தகுதி இருந்தால் உயர்தமிழை எடுக்கட்டும். சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் உயர்தமிழில் தேர்ச்சி பெற்றவன் தொடக்கக் கல்லூரியில் மறுபடியும் தாய்மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. சேர்க்கையிலும் இரண்டு புள்ளிச் சலுகை உண்டு. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகப் பொதுவான உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. சேர்க்கை விதிகளிலும் மாற்றங்கள் வருவதால் அமைச்சின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சலுகையைவிட, இலக்கியம் படிக்கும் வாய்ப்புக்காகவே நான் எடுக்கச் சொல்வேன்.

பொறுப்பாசிரியரிடம் சொல்லிவைக்கிறோம் என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். இடம் கிடைத்ததும் மின்னஞ்சலில் எழுதுங்கள். தமிழ் வகுப்பு நாளில் வராவிட்டால் பதிவேட்டில் எப்படிக் குறிப்பார்கள், விட்டுப்போன பயிற்சியை யார் கற்றுக்கொடுப்பார்கள், தலைமைப் பொறுப்புக்கான தேர்வில் அது குறையாகக் கருதப்படுமா என்ற மூன்றையும் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் நான்காண்டுக்கும் துணை நிற்கும்.

தெரிவு வரிசைக்கு வருவோம். இடம் முதலில் மதிப்பெண்ணைப் பொறுத்தது. கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் இருவர் போட்டியிட்டால் முதலில் குடியுரிமை, அடுத்துத் தெரிவு வரிசை, அதிலும் சமமானால் கணினிக் குலுக்கல். உங்கள் மகனின் மதிப்பெண் அந்தப் பள்ளியின் சென்ற ஆண்டு எல்லையை ஒட்டி இருந்தால், அதை இரண்டாவதாகப் போட்டால் நழுவிப்போகலாம். இரண்டு பள்ளிகளையும் இந்த வாரமே, வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து பீட்டி ரோட்டுக்குமான பயணத்தோடு சேர்த்துப் போய்ப் பாருங்கள். பிறகு அவனே முதலிடத்தைச் சொல்லட்டும். மற்ற ஐந்து கட்டங்களையும் காலியாக விடாமல் நிரப்புங்கள்.